ஃபார்கோ: ஜெர்ரி போட்ட கணக்கும் அது உடைந்த இடங்களும்

'ஃபார்கோ' படத்தைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்டவை நான்கு. கடத்தல் பணம் 80,000 டாலரா, 10 லட்சம் டாலரா? வசதியான மாமனார் இருக்கும்போது ஜெர்ரி ஏன் சொந்த மனைவியையே கடத்தச் சொல்கிறான்? கதைக்குச் சம்பந்தமே இல்லாத மைக் யானகிடா காட்சி எதற்கு? படத்தின் தொடக்கத்தில் 'இது உண்மைக் கதை' என்று போடுகிறார்களே, அது நிஜமா?

முதல் மூன்றுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது: படத்தில் வரும் பணக்கணக்கு. கோயன் சகோதரர்கள் 1996இல் எடுத்த 'ஃபார்கோ'வை எல்லோரும் பனி, ரத்தம், மரத்தூள் இயந்திரம் என்றுதான் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஒரு தாளில் தொகைகளை மட்டும் குறித்துக்கொண்டே பாருங்கள், அது வேறு படமாகத் தெரியும். முடிவு வரை எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். பார்க்காதவர்கள் முதலில் அந்த 98 நிமிடங்களைப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

ஜெர்ரி லண்டகார்ட் (வில்லியம் எச். மேசி) மினியாபொலிஸில் ஓர் ஓல்ட்ஸ்மொபில் கார் ஷோரூமில் விற்பனை மேலாளர். ஷோரூம் மாமனார் வேட் குஸ்டஃப்சனுடையது. ஜெர்ரியை நெருக்குவது ஜெனரல் மோட்டார்ஸின் கடன் நிறுவனம். அங்கிருந்து ரைலி டீஃபன்பாக் என்பவர் தொலைபேசியில் அழைக்கிறார். 3,20,000 டாலர் கடன் போயிருக்கிறது, எந்தெந்த வண்டிகளின் பேரில் என்று தெரியவில்லை, அனுப்பிய தாளில் சேஸிஸ் எண்களைப் படிக்கவே முடியவில்லை என்கிறார். ஜெர்ரியின் பதில், "பணம்தான் வந்துவிட்டதே" என்பது.

இந்தக் காட்சியைச் சிரிப்போடு தாண்டிவிடுகிறோம். அமெரிக்க ஷோரூம்களில் பணம் எப்படிச் சுழல்கிறது என்று தெரிந்தால் இது எவ்வளவு பெரிய கண்ணி என்பது புரியும். ஷோரூமில் நிற்கும் வண்டிகளைப் பெரும்பாலும் டீலர் சொந்தக் காசு போட்டு வாங்குவதில்லை. கடன் நிறுவனம் உற்பத்தியாளருக்குப் பணம் கட்டுகிறது. ஒவ்வொரு வண்டியும் அதன் எண்ணின் பேரில் தனித்தனிக் கடனாக நிற்கும். 1981 முதல் அமெரிக்காவில் அந்த எண் 17 எழுத்து-இலக்கங்கள் கொண்டது. வண்டி விற்றதும் அந்த எண்ணுக்குரிய கடனை உடனே அடைக்க வேண்டும். நடுவில் கடன் நிறுவனத்தின் ஆள் சொல்லாமல் வந்து, கையில் பட்டியலை வைத்துக்கொண்டு வண்டிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பதும் உண்டு.

அப்படியானால் ஜெர்ரி செய்தது என்ன? படம் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் எண்ணைக் கொடுக்க முடியாதவனிடம் வண்டி இல்லை என்பதுதான் பொருள். இல்லாத வண்டிகளைக் காட்டிக் கடன் வாங்கியிருக்கிறான். படத்தில் பேரம் நடக்கும் ஒரு காரின் விலை 19,500 டாலர். அந்தக் கணக்கில் 3,20,000 என்பது சுமார் 16 கார்கள். எண்ணை அனுப்பச் சொன்னால் திரும்பவும் படிக்க முடியாத தாளையே அனுப்புகிறான், நாளைக் கடத்துவதற்காக. கடைசியில் ரைலி கெடு வைக்கிறார்: மறுநாள் அலுவலகம் மூடுவதற்குள் எண்கள் வராவிட்டால் விஷயம் சட்டப் பிரிவுக்குப் போகும். அந்த 3,20,000 எங்கே போயிற்று என்று படம் கடைசிவரை சொல்வதில்லை. சீட்டாட்டமா, தோற்றுப்போன வேறு தொழிலா, எதுவும் கிடையாது. அதைச் சொல்லியிருந்தால் ஜெர்ரி மீது நமக்கு இரக்கமோ வெறுப்போ ஏதாவது ஒன்று உறுதிப்பட்டிருக்கும். சொல்லாமல் விட்டதுதான் சரி என்பது என் கட்சி.

இனி கடத்தல் கணக்கு. ஃபார்கோ நகரத்து மதுக்கடையில் ஜெர்ரி, கார்ல் (ஸ்டீவ் புஷெமி), கேயர் (பீட்டர் ஸ்டார்மேர்) மூவரும் பேசுகிறார்கள். பேச்சு தொடங்குவதே நேரத் தகராறில்: அவர்களுக்கு 7.30, ஜெர்ரிக்கு 8.30. திட்டத்தின் முதல் நிமிடமே தப்பாகத்தான் ஆரம்பிக்கிறது. ஒப்பந்தம் இது: மாமனாரிடம் 80,000 டாலர் கேட்பது, அதில் பாதி, 40,000 டாலர், கடத்துபவர்களுக்கு. கூடவே ஷோரூமிலிருந்து ஒரு புது கட்லஸ் சியரா கார். தொடக்கக் காட்சியில் வெண்பனிக்குள்ளிருந்து ஜெர்ரி இழுத்துக்கொண்டு வருகிறானே, அந்தக் கார்.

மாமனாரிடமும் அவருடைய கணக்காளர் ஸ்டான் கிராஸ்மனிடமும் ஜெர்ரி சொல்வது 10 லட்சம் டாலர். ஆக, இரண்டு தொகையுமே சரிதான். கடத்துபவர்களுக்குத் தெரிந்தது 80,000; மாமனாருக்குத் தெரிந்தது 10,00,000. இடையில் நிற்கும் 9,60,000 ஜெர்ரியின் பங்கு. கடன் நிறுவனத்துக்கு 3,20,000 அடைத்தாலும் 6,40,000 மிஞ்சும். தாளில் பார்த்தால் அழகான திட்டம். ஆனால் இது நிற்க வேண்டுமானால் இரு தரப்பும் ஒருவரையொருவர் பார்க்கவே கூடாது, பெட்டி ஜெர்ரியின் கை வழியாக மட்டுமே போக வேண்டும். வேட் "பணத்தை நானே கொண்டுபோகிறேன்" என்று கிளம்பும் கணத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது.

"மாமனாரிடமே கேட்டுவிடலாமே?" என்று மதுக்கடையில் கார்லே கேட்கிறான். பெண்டாட்டியிடம் கேட்கலாமே என்று கேயர் கூடச் சொல்கிறான். கூலிக்கு வந்த ரவுடிகள் இரண்டு பேருக்குத் தோன்றும் வழி இவனுக்குத் தோன்றவில்லை. அவர்களுக்கு என் தேவையே தெரியாது, தெரிந்தாலும் கிடைக்காது என்பது ஜெர்ரியின் பதில். அவன் சொல்வதில் உண்மை இருக்கிறது. இரவுச் சாப்பாட்டின்போது கார் நிறுத்துமிட நிலம் ஒன்றைப் பற்றி அவன் பேச்செடுக்கிறான். 7,50,000 டாலர் போட வேண்டிய தொழில். எனக்கும் ஜீனுக்கும் ஸ்காட்டிக்கும் நல்லது என்கிறான். ஜீனுக்கும் ஸ்காட்டிக்கும் ஒருபோதும் கவலையில்லை என்று முடித்துவிடுகிறார் வேட். மகள், பேரன் பெயர் மட்டும்தான் அந்த வாக்கியத்தில் இருக்கிறது. மாப்பிள்ளை இல்லை. இவ்வளவு சுருக்கமாக ஒருவனை அவமானப்படுத்த முடியும் என்பதே ஆச்சரியம்.

பிறகு வேட் மனம் மாறி, நிலத் திட்டம் நன்றாக இருக்கிறது, வந்து பேசு என்கிறார். ஜெர்ரி கடத்தலை நிறுத்தப் பார்க்கிறான். ஷோரூம் மெக்கானிக் ஷெப் ப்ரவுட்ஃபுட்தான் ஆள் பிடித்துக் கொடுத்தவன். அவனுக்கோ கேயரை மட்டும்தான் தெரியும், கார்ல் யாரென்றே தெரியாது. தொடர்புகொள்ள வழியில்லை. சரி, பணம்தான் வரப்போகிறதே என்று கூட்டத்துக்குப் போனால் அங்கே அடுத்த அடி. வேட்டும் ஸ்டானும் திட்டத்தைத் தாங்களே எடுத்துக்கொள்கிறார்கள். கொண்டுவந்ததற்கு உனக்கு எவ்வளவு புரோக்கர் கமிஷன் வேண்டும் என்று கேட்கிறார்கள். பத்து சதவீதம் எனக்குப் போதாது, முதலீட்டுப் பணமே வேண்டும் என்று கெஞ்சுகிறான். நாங்கள் வங்கி இல்லை என்று விடுகிறார்கள். தொழில் முறையில் பார்த்தால் அவர்கள் செய்தது தவறே இல்லை. ஈடு இல்லாமல் 7,50,000 யார் கொடுப்பார்? அதன்பின் பனியில் தனியாக நிற்கும் காரை மேலிருந்து காட்டுகிறார்களே, கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தவன் திடீரென்று சுரண்டியை வீசி எறிந்து குதித்துவிட்டு, மறுபடியும் எடுத்துச் சுரண்டுவானே, அந்தக் காட்சி இங்கேதான். வீட்டுக்குப் போனால் மனைவி இல்லை. நிறுத்த நினைத்த வேலை நடந்து முடிந்திருக்கிறது.

பேராசை எப்படி ஆளைக் கெடுக்கும் என்று சொல்லும் படம் என 'ஃபார்கோ'வைப் பற்றி எழுதுவார்கள். எனக்கு அது பேரத்தைப் பற்றிய படம். இதில் எல்லோரும் எந்நேரமும் பேரம் பேசுகிறார்கள். அதுவும் பெரிய தொகைக்காகச் சாவதே இல்லை, கடைசியில் நிற்கும் சில்லறை வித்தியாசத்துக்காகத்தான் சாகிறார்கள்.

ஜெர்ரியின் ஷோரூமிலேயே இதற்கு ஒத்திகை நடந்துவிடுகிறது. துருப் பிடிக்காமலிருக்க அடியில் பூசும் பூச்சு என்று சொல்லி, வாடிக்கையாளர் வேண்டாம் என்ற பிறகும் 500 டாலரை விலையில் ஏற்றிவிடுகிறான். அவர் கத்துகிறார். "மேலாளரிடம் கேட்டு வருகிறேன்" என்று எழுந்து போய், பக்கத்து அறையில் ஓர் ஆட்டத்து டிக்கெட்டைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பி, "இதுவரை அவர் இப்படிச் செய்ததேயில்லை, உங்களுக்காக 100 டாலர் குறைக்கச் சொன்னார்" என்கிறான். கார் வாங்கிய யாருக்கும் இந்தத் தந்திரம் புதிதல்ல, எந்த ஊரானாலும். வாடிக்கையாளர் திட்டிக்கொண்டே காசோலைப் புத்தகத்தை எடுக்கிறார். ஜெர்ரியின் திறமை முழுவதும் இவ்வளவுதான்: அறைக்கு வெளியே இருக்கும் யாரோ ஒருவரின் பெயரைச் சொல்லி நடுவில் காசு பார்ப்பது. கடத்தலிலும் அதையே செய்கிறான். சரக்கு மட்டும் மனைவி.

மகளைக் கடத்திவிட்டார்கள் என்று தெரிந்த பின் வேட் என்ன செய்கிறார்? 10 லட்சம் பெரிய தொகை, பாதி தருவதாகச் சொல்லிப் பார்ப்போம் என்கிறார். இது மாட்டுச் சந்தை இல்லை வேட் என்ற பொருளில் ஸ்டான்தான் தடுக்க வேண்டியிருக்கிறது. கடைசியில் நிறுத்துமிடத்தின் மேல்தளத்தில் கார்லுக்கு எதிரே நின்றுகொண்டும் அதே குணம்: ஜீன் இல்லாமல் பணம் இல்லை என்று பெட்டியை விடமாட்டேன் என்கிறார். சரக்கைக் காட்டினால்தான் காசு. சுடப்பட்டுச் சாகிறார். விழுந்தபடி அவர் சுட்ட குண்டு கார்லின் தாடையைக் கிழிக்கிறது.

கார்ல் இன்னொரு பேரக்காரன். காரில் தற்காலிக எண் அட்டையை மாட்டாமல் விட்டதால் பிரெய்னர்ட் அருகே இரவில் நெடுஞ்சாலைக் காவலர் நிறுத்துகிறார். உரிமத்தோடு சேர்த்து 50 டாலர் நோட்டு வெளியே தெரியும்படி பர்ஸை நீட்டுகிறான். அவர் மசியவில்லை, இறங்கச் சொல்கிறார். பின்னிருக்கையில் ஜீன் முனகுகிறாள். கேயர் சுட்டுவிடுகிறான். அந்த வழியாகக் காரில் போன இருவர் பார்த்துவிட, துரத்திப் போய் அவர்களையும் கொல்கிறான். (அந்த இருவரில் பனியில் கிடப்பவராக நடித்தது படத்தின் ஸ்டோரிபோர்டு ஓவியர் ஜே. டாட் ஆண்டர்சன். முடிவுப் பெயர்ப் பட்டியலில் அவர் பெயருக்குப் பதில், மினியாபொலிஸ் பாடகர் பிரின்ஸ் அப்போது பயன்படுத்திய குறியைப் படுக்கவைத்துப் போட்டிருப்பார்கள்.) பிறகு கார்ல் விமான நிலைய நிறுத்துமிடத்துக்குள் போய் வேறொரு காரின் எண் பலகையைத் திருடுகிறான், அதுவரை புத்திசாலித்தனம். வெளியே வரும்போது 4 டாலர் கட்டணத்துக்காகக் காவலாளியிடம் வாய்ச்சண்டை போட்டு, தன் முகத்தை அவருக்கு மறக்க முடியாததாக்கிவிட்டுப் போகிறான்.

இப்போது உச்சம். மூன்று பேர் செத்த பிறகு கார்ல் ஜெர்ரியிடம் விலையை ஏற்றுகிறான்: பாதி கிடையாது, 80,000 முழுதும் வேண்டும். வேட்டைக் கொன்று, வெளியேறும் வழியில் வாசல் காவலாளியையும் கொன்றுவிட்டு, பெட்டியைத் திறந்தால் 10 லட்சம். கூட்டாளிக்குத் தெரிந்தது 80,000தான். அதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதி 9,20,000ஐ ஒரு வேலியோரம் பனியில் புதைக்கிறான். இடப்புறம் பார்க்கிறான், வலப்புறம் பார்க்கிறான். எல்லாக் கம்பமும் ஒரே மாதிரி. அடையாளத்துக்கு ஒரு சின்னச் சிவப்புப் பனிச்சுரண்டியைக் குத்தி வைக்கிறான்.

ஜீனை அடைத்து வைத்திருந்த மூஸ் ஏரி வீட்டுக்குத் திரும்பினால் ஜீன் செத்துக் கிடக்கிறாள். கத்த ஆரம்பித்தாள் என்பதுதான் கேயர் சொல்லும் காரணம். கார்ல் 40,000ஐ எடுத்து வைக்கிறான், காரை நான் எடுத்துக்கொள்கிறேன் என்கிறான். காரையும் பிரிக்க வேண்டும், ஒருவர் மற்றவருக்குப் பாதி விலை கொடுக்க வேண்டும் என்கிறான் கேயர். ஒன்பது லட்சத்துக்கு மேல் புதைத்து வைத்திருப்பவன், சில ஆயிரம் டாலரைக் கொடுத்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். முகத்தில் குண்டு வாங்கியது நான், உனக்கு எதற்குப் பாதி என்று கத்திவிட்டு வெளியேறுகிறான். கேயர் கோடாலியோடு பின்னால் ஓடி வருகிறான். பாதிக் காரின் விலையில் முடிகிறது கார்லின் கணக்கு. கோயன்களின் கறுப்பு நகைச்சுவைக்கு ஒரே ஓர் உதாரணம் கேட்டால், கார்லின் உடலைக் கேயர் போட்டு அரைக்கும் மரத்தூள் இயந்திரத்தைக் காட்டமாட்டேன். இந்த வாக்குவாதத்தைத்தான் காட்டுவேன்.

மார்ஜ் கண்டர்சனுக்கு வருவோம். பிரெய்னர்ட் காவல்துறைத் தலைவர், ஏழு மாதக் கர்ப்பிணி. ஃபிரான்சஸ் மெக்டார்மண்டுக்குச் சிறந்த நடிகை ஆஸ்கர் வாங்கித் தந்த பாத்திரம். படம் மூன்றில் ஒரு பங்கு ஓடிய பிறகுதான் திரைக்கே வருகிறார். வந்த சில நிமிடங்களில், பனியில் பதிந்த காலடிகளைப் பார்த்தே ஒருவன் பெரிய உருவம், இன்னொருவன் சிறிய உருவம் என்று சொல்லிவிடுகிறார். செத்த காவலரின் குறிப்பேட்டில் அதிகாலை 2.18 மணிக்கு 'பழுப்பு சியரா' என்றும், எண் பலகைக்கு நேரே 'டி.எல்.ஆர்' என்றும் எழுதியிருக்கிறது. உடன் வேலைபார்க்கும் லூ, அந்த மூன்று எழுத்தில் தொடங்கும் எண் பலகையைத் தேடச் சொல்லியிருக்கிறான். உன் துப்பறிதலோடு நூற்றுக்கு நூறு ஒத்துப்போக முடியவில்லையே லூ என்று மென்மையாகச் சொல்லிவிட்டு, அது டீலர் எண் பலகையின் சுருக்கம் என்கிறார் மார்ஜ். லூவின் மனம் நோகக் கூடாதென்று உடனே ஒரு மொக்கை ஜோக்கும் சொல்கிறார். ஜெர்ரி கூலியாகக் கொடுத்த கார்தான் காவல்துறையை அவன் ஷோரூம் வாசலுக்கே கூட்டிவருகிறது என்பதைக் கவனியுங்கள். 40,000 ரொக்கத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தத் துப்பு இல்லை.

மார்ஜின் விசாரணையால் நடக்கும் ஒன்றைப் பலர் தவறவிடுகிறார்கள். கடத்தல்காரர்கள் தங்கிய விடுதியிலிருந்து ஷெப்புக்குப் போன தொலைபேசி அழைப்பை வைத்து அவனை விசாரிக்கிறார். ஷெப் ஏற்கெனவே சிறையிலிருந்து நிபந்தனையில் வெளிவந்தவன். ஆத்திரத்தில் கார்லைத் தேடிப் போய் பெல்ட்டால் வெளுக்கிறான். அடிவாங்கிய கார்ல் அந்தச் சூட்டிலேயே ஜெர்ரியைக் கூப்பிட்டு, அரை மணி நேரத்தில் பணம் வந்தாக வேண்டும் என்கிறான். வேட் இன்னொரு தொலைபேசியில் ஒட்டுக்கேட்டு, துப்பாக்கியோடு தானே கிளம்பிவிடுகிறார். அங்கிருந்து இரண்டு கொலைகள். மார்ஜ் செய்த சரியான வேலைதான் இந்தச் சங்கிலியை முடுக்கிவிட்டது. அது அவருக்குத் தெரியவே போவதில்லை. நியோ-நுவார் (நுவார் எனப்படும் பழைய இருண்ட குற்றப்படங்களின் புது வடிவம்) என்ற பெயருக்குப் படம் தகுதி பெறுவது இப்படிப்பட்ட இடங்களில்தான். பழைய நுவார் படங்களில் இருட்டும் நிழலும் மறைத்ததை இங்கே வெண்பனி மறைக்கிறது. யாருக்கும் முழுப்படம் தெரிவதில்லை. ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ் நீல வானத்தைத் தவிர்த்து, மூட்டமான நாட்களில் தரையும் வானமும் ஒன்றாகக் கரையும்படி எடுத்தது வெறும் அழகுக்காக இல்லை.

இனி மைக் யானகிடா. மார்ஜின் பழைய பள்ளித் தோழன். மினியாபொலிஸ் ரேடிசன் ஹோட்டலில் சந்திக்கிறார்கள். மனைவி லிண்டா புற்றுநோயில் இறந்துவிட்டாள் என்று அழுகிறான், மார்ஜ் பக்கத்தில் வந்து உட்காரப் பார்க்கிறான், அவர் நாசூக்காக எதிரே உட்காரச் சொல்கிறார். மறுநாள் தோழி ஒருத்தி தொலைபேசியில் சொல்கிறாள்: லிண்டா உயிரோடு இருக்கிறாள், அவனைக் கட்டிக்கொள்ளவே இல்லை, அவளுக்கு அவன் தொல்லைதான் கொடுத்தான், இப்போது பெற்றோர் வீட்டில் இருக்கிறான். மார்ஜின் முகத்தில் ஒரு யோசனை. கையில் சாப்பாட்டோடு காரில் போகிறார். அடுத்து எங்கே? நேராக ஜெர்ரியின் ஷோரூமுக்கு.

முதல் முறை போனபோது வண்டி ஏதும் காணாமல் போனதா என்று கேட்டார், இல்லை என்றான் ஜெர்ரி, சரி என்று எழுந்து வந்துவிட்டார். மினசோட்டாக்காரர்களின் அந்தப் புன்னகை மரியாதைக்குள் பொய்யும் இருக்கலாம் என்பதை மைக் காட்டிக்கொடுத்த பிறகு, இரண்டாம் முறை கேள்வி மாறுகிறது: இல்லை என்று எப்படித் தெரியும், வண்டிகளை எண்ணினீர்களா? ஒரு தலைமுறை ரசிகர்கள் கண்டுகொண்ட விளக்கம் இது, எனக்கும் ஏற்புதான். ஆனால் இதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். மார்ஜ் கேட்பதும் ரைலி தொலைபேசியில் கேட்டதும் ஒரே கேள்வி. உன் ஷோரூமில் எத்தனை வண்டி நிற்கிறது, எண்ணிச் சொல். ஜெர்ரியால் பதில் சொல்லவே முடியாத ஒரே கேள்வி அதுதான். நான் ஒத்துழைக்கிறேனே என்று சீறுகிறான், இப்போதே போய் எண்ணுகிறேன் என்று கோட்டை மாட்டிக்கொண்டு போகிறான், சன்னல் வழியாகப் பார்த்தால் காரில் ஓடுகிறான். மைக் காட்சியை வெட்டியிருந்தால் கதை நகர்ந்திருக்கும். மார்ஜ் ஏன் திரும்பி வந்தார் என்பதற்குத்தான் காரணம் இருந்திருக்காது.

குற்றவாளியின் வீட்டைக் கண்டுபிடிப்பதற்கு மட்டும் படம் அதிகம் மெனக்கெடவில்லை. 'பார்க்க ஒரு மாதிரி இருந்த குள்ளன்' ஒருவன் ஏரிப் பக்கம் தங்கியிருப்பதாகவும், பெண்கள் கிடைப்பார்களா என்று கேட்டதாகவும் மதுக்கடைக்காரர் ஒருவர், வாசல் பனியை வாரிக்கொண்டே காவலரிடம் சொல்கிறார். விடுதியில் கார்லோடு இருந்த பெண்களும் மார்ஜிடம் இதே வர்ணனையைத்தான் தந்திருந்தார்கள். மார்ஜ் ஏரியைச் சுற்றி வரும்போது அந்தப் பழுப்பு சியரா நிற்கிறது. மறுபடியும் அந்தக் கார்.

'உண்மைக் கதை' விஷயம். 1987இல் மினசோட்டாவில் நடந்தது, பிழைத்தவர்களின் வேண்டுகோளால் பெயர்கள் மாற்றப்பட்டன, இறந்தவர்களுக்கு மரியாதையாக மற்றதெல்லாம் நடந்தபடியே சொல்லப்பட்டது என்று தொடக்கத்தில் போடுகிறார்கள். முடிவுப் பெயர்ப் பட்டியலிலோ, பாத்திரங்கள் எல்லாம் கற்பனை என்ற வழக்கமான வாசகம் இருக்கிறது. இரண்டாவதுதான் உண்மை. நிஜத்திலிருந்து வந்தவை இரண்டு துணுக்குகள்: கனெக்டிகட் மாநிலத்தில் 1986இல் ஒருவர் மனைவியைக் கொன்று உடலை மரத்தூள் இயந்திரத்தில் போட்ட வழக்கு, வண்டி எண்களைப் படிக்க முடியாமல் செய்து ஜெனரல் மோட்டார்ஸின் கடன் பிரிவை ஏமாற்றிய ஒருவரின் கதை. உண்மை என்று நம்பிவிட்டால், மற்றபடி ஏற்கமாட்டாத விஷயங்களையும் பார்வையாளர்கள் ஏற்றுக்கொள்வார்கள் என்பது ஜோயல் கோயன் கொடுத்த விளக்கம். அப்படிச் செய்திராவிட்டால், பள்ளித் தோழி இறந்துபோனதாகப் பொய் சொல்லும் ஒருவனுக்கு இவ்வளவு நிமிடம் எதற்கு என்று முதல் தடவையே கேட்டிருப்போம்.

இந்த விளையாட்டுக்கு ஒரு சோகமான வாலும் உண்டு. 2001இல் மினசோட்டாவின் டெட்ராய்ட் லேக்ஸ் அருகே ஜப்பானியப் பெண் ஒருவர் இறந்து கிடந்தார். படத்தில் புதைத்த பெட்டியைத் தேடி வந்தவர் என்று செய்தி பரவியது. அது அவரிடம் பேசிய காவலர் ஒருவர் தவறாகப் புரிந்துகொண்டதில் பிறந்த கதை என்பதை 2003இல் வந்த ஆவணப்படம் எடுத்துக்காட்டியது. இன்றும் இதை உண்மையென்று பகிர்கிறவர்கள் இருக்கிறார்கள்; விட்டுவிடலாம்.

தலைப்பைப் பற்றியும் கேட்பார்கள். கதை நடப்பது பெரும்பாலும் மினியாபொலிஸிலும் பிரெய்னர்டிலும். வடக்கு டகோட்டாவின் ஃபார்கோவுக்கு வருவது முதல் காட்சி மட்டுமே, அதையும் அங்கே படமாக்கவில்லை. 1995 குளிர்காலம் மினசோட்டாவில் பனி குறைவாகப் போனதால் படக்குழு பனியைத் தேடி வடக்கு டகோட்டாவுக்கு நகர வேண்டியிருந்தது. பிரெய்னர்டுக்கு நுழைவாயிலாக வரும் பால் பன்யன் சிலையும் அந்த மாநிலத்தின் பாத்கேட் அருகே படத்துக்காகச் செய்து நிறுத்தியதுதான். மரத்தூள் இயந்திரம் மட்டும் இன்று ஃபார்கோ நகரச் சுற்றுலா மையத்தில் இருக்கிறது.

மறுபடி பார்ப்பவர்கள் கண்டிப்பாக மூல ஒலியோடு பாருங்கள். மினசோட்டாவில் குடியேறிய ஸ்காண்டிநேவியர்களின் சாயல் கொண்ட அந்தப் பேச்சு, 'யா' என்று இழுத்து எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது, டப்பிங்கில் போய்விடும். ஜெர்ரி திக்குவதும் பாதி வாக்கியத்தில் நிற்பதும் நடிகர் அந்த நேரத்தில் சேர்த்தது போலத் தோன்றும். பெரும்பகுதி திரைக்கதையிலேயே எழுதப்பட்டது. கார்ட்டர் பர்வெல்லின் இசை ஒரு நார்வே நாட்டுப்பாடலின் மீது கட்டியது, ஒரு சில்லறைக் குற்றத்துக்குத் தேவையில்லாத அளவு கம்பீரமானது. அந்தப் பொருத்தமின்மையும் நகைச்சுவையின் பகுதிதான். எடிட்டர் ராடரிக் ஜேய்ன்ஸ் என்று பெயர் போடுவார்களே, அப்படி ஓர் ஆள் கிடையாது, சகோதரர்கள் இருவரின் புனைபெயர். அந்த இல்லாத ஆளுக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. இல்லாத வண்டிக்கு ஜெர்ரி வாங்கிய கடனைவிட இது மேல்.

மார்ஜின் கணவர் நார்ம் வாத்து வரைந்து அஞ்சல்தலைப் போட்டிக்கு அனுப்பும் கிளைக்கதை தேவையா என்று ஒருவர் கேட்டிருந்தார். பணக்கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். போட்டியாளர் ஹாட்மன் ஓவியத்துக்கு 29 சென்ட் அஞ்சல்தலை, நார்முக்கு 3 சென்ட் அஞ்சல்தலை. அவர் சோர்ந்திருக்கிறார். கட்டணம் ஏறும்போதெல்லாம் மிச்சத்துக்கு ஒட்ட எல்லோருக்கும் சின்னத் தலைதானே தேவை என்கிறார் மார்ஜ். ஏழு பேரைச் சாகடித்த சில்லறை வித்தியாசத்துக்கு இந்தப் படத்தில் பயனுள்ள ஒரே வேலை இதுதான். ஹாட்மன் என்ற பெயரும் கற்பனை இல்லை. வாத்து அஞ்சல்தலைப் போட்டிகளில் வென்ற ஹாட்மன் சகோதரர்கள் கோயன்களுக்குத் தெரிந்தவர்கள்.

கடைசியாக, பெட்டி என்ன ஆயிற்று? படத்துக்குள் விடை இல்லை. கார்ல் செத்தான், கேயருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது, ஜெர்ரி பிஸ்மார்க் அருகே ஒரு விடுதியில் உள்ளாடையோடு கத்திக்கொண்டு பிடிபடுகிறான். 9,20,000 டாலர் வேலியோரத்திலேயே கிடக்கிறது. நோவா ஹாலி 2014இல் உருவாக்கிய இதே பெயர்த் தொலைக்காட்சித் தொடரின் முதல் பருவத்தில்தான் விடை வருகிறது: 1987இல் பெட்ரோல் தீர்ந்து குடும்பத்தோடு சாலையில் நின்ற ஸ்டாவ்ரோஸ் மிலோஸ் அந்தச் சிவப்புச் சுரண்டியைப் பார்த்துத் தோண்டி எடுத்துப் பணக்காரனாகிறார். தொடரைப் பார்க்கப் படம் தெரிந்திருக்க வேண்டிய ஒரே இழை அதுதான். மற்றபடி கதையும் ஆட்களும் வேறு. அந்தப் பருவத்தின் தொடக்கத்தில் அதே 'உண்மைக் கதை' வாசகம் மட்டும் வரும், ஆண்டு 2006 என்று மாற்றி.